வண்டியே வராத ரோடு

கொழுந்தன் புதுசாக ஒரு ரோடு கண்டுபிடித்திருக்கிறான் என்று வீட்டுக்காரர் சொன்னதுமே அண்ணி நிமிர்ந்தாள். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "எந்தப் பக்கம்?" என்றாள்.

அண்ணி என்பது அவளுக்கு ஊரே வைத்துவிட்ட பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் கொழுந்தன் சின்னப் பையன். அண்ணி, அண்ணி என்று கடை முழுக்க அவன் கத்திக்கொண்டே திரிந்ததில், பஞ்சர் ஒட்ட வருகிற பல் போன கிழவர்கூட அவளை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வாடகை சைக்கிள் கடை. மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ரிப்பேர், வாடகை, அதோடு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மலைக்குள் ஒரு சுற்று.

அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை எங்கே போகிறதென்றே தெரியாது. ஓடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு பொந்துக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். அடுத்த குன்றுக்குப் பின்னால், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வெளியே வரும். கல் வெட்டுகிற குவாரிகளும் அங்கேதான். லாரி பின்னால் லாரி. சைக்கிள்காரர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, லாரி வராத ரோடு. அண்ணியின் பிழைப்பே அதில்தான் இருந்தது. புது ரோடு ஒன்று கண்ணில் பட்டால் போய், மதகுச் சுவரில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்பாள். டீ குடித்து முடிப்பதற்குள் ரெண்டு வண்டிக்கு மேல் போனால் அந்த ரோடு வேண்டாம். கடைச் சுவரில் இருந்த பெரிய வரைபடத்தில் பச்சை பெயின்ட் அடித்த ரோடெல்லாம் அப்படி அவள் உட்கார்ந்து கேட்ட ரோடுகள்தான். வேறு யாரும் அந்தப் பிரஷ்ஷைத் தொட்டதில்லை.

இப்போது கடைக்குள் வந்த கொழுந்தன் கேட்டது அந்தப் பிரஷ்ஷைத்தான்.

"குவாரி மலைக்குப் பின்னாடி அண்ணி. வழவழன்னு தார் ரோடு. நெறைய தடவ போயிட்டேன், ஒரு வண்டி வரல. சத்தியமா ஒரு ஈ காக்கா கெடையாது."

"ஏன் வரல?"

"என்னது?"

"வழவழன்னு தார் போட்ட ரோட்டுல ஏன்டா ஒரு வண்டியும் வரல?"

"எல்லாரும் பழைய ரோட்டுலயே போய்ப் பழகிட்டாங்க அண்ணி."

வீட்டுக்காரர் சிரித்தார். ஆள் நல்ல கனம், சிரித்தால் ஸ்டூலும் சேர்ந்து சிரிக்கும். "உனக்கு வண்டி வந்தாலும் குத்தம், வரலன்னாலும் குத்தம். இந்த ஞாயித்துக்கெழம அந்த ரோட்டுலதான் போறோம். நான் சொல்லிட்டேன். வேன் எடுத்துக்கிட்டு நானும் பின்னாடியே வரேன்."

தண்ணீர், சாப்பாடு, மாற்றுச் சக்கரம், பாதியில் முடியாமல் உட்கார்ந்துவிடுகிற ஆள் எல்லாம் ஏறுகிற வேன் அது. வேன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அண்ணி மறுபடி ஸ்பேனரைத் திருக ஆரம்பித்தாள். மனசுக்குள் மட்டும் மிக்ஸி ஓடியது. பட்டணத்தில் கூரியர் வேலையை விட்டுவிட்டு வந்ததிலிருந்தே இவன் ஒரு மாதிரிதான் இருக்கிறான். போன் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறான். அவள் அந்தப் பக்கம் தலையைக் காட்டினால், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறான். நிறைய தடவை போனானாமே, எப்போது போனான்? ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டு போனானா? யாருக்கு என்ன லாபம் என்று கேட்காமல் அண்ணி எதையும் நம்பியதில்லை. டியூப் விற்க வருகிறவனிடமும் அதைத்தான் கேட்பாள், கோயில் வசூலுக்கு வருகிறவனிடமும் அதைத்தான். இவனுக்கு என்ன லாபம்? அண்ணனை இந்த ஒரு ரோட்டில் மயக்கிவிட்டால் போதும். இன்றைக்கு ரோடு, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அப்புறம் கடை. அவள் ஒட்டுப்போட்டுக்கொண்டு பின்கட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டயரைச் சுரண்டினாள். வெள்ளைச் சேறு. காயாத சேறு. வெயில் கொளுத்துகிறது, இவன் டயரில் எப்படி ஈரம்?

சனிக்கிழமை காலையில், பல் வலிக்கிறது, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தாள். தெரு முனை திரும்பியதும் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

ரோடு பிரிகிற இடத்தில் ரெண்டு பெரிய தார் டிரம் கிடந்தது. உள்ளே கல் நிரப்பி, ரோட்டை மறிக்க வைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒன்றை யாரோ புதருக்குள் உருட்டித் தள்ளியிருந்தார்கள். புல் நசுங்கின தடம் புதுசு. உனக்கு இவ்வளவு பலமா தம்பி என்று நினைத்துக்கொண்டு அண்ணி நடுவில் புகுந்து போனாள்.

ரோடு என்றால் அதுதான் ரோடு. அண்ணி கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. ஒரு பள்ளம் இல்லை, ஒரு ஜல்லி இல்லை. ஒரு பக்கம் வெள்ளைப் பாறை சுவர் மாதிரி நிற்கிறது. இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. ஏற்றமும் மிதமான ஏற்றம், முட்டி முனகாத ஏற்றம். குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்தாள், ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. லாட்ஜ் ஏதாவது கட்டுகிறார்களா, அங்கே இவனுக்குப் பங்கு இருக்கிறதா என்று வளைவுக்கு வளைவு பார்த்தாள். ஒரு செங்கல்கூட இல்லை. பொம்பளை விவகாரமா என்றும் பார்த்தாள். பொம்பளை என்ன, ஒரு ஆடு கூட இல்லை. ரோட்டில் ஒரு புழுக்கை கிடையாது.

மதகில் உட்கார்ந்து டீ ஊற்றினாள். கண்ணை மூடவில்லை, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பழைய ரோடு தெரிந்தது, ரோடா அது. புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு பால் வண்டி ஒவ்வொரு பள்ளமாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. கேன்கள் மோதுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர், புருஷன் பெண்டாட்டி. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணி டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

கொழுந்தன் புளுகுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பால்காரனிடமுமா புளுகினான்? தினம் போகிற ஆள், பால் குலுங்கித் தயிராகிவிடும் என்று தெரிந்தும் அந்தப் பாழாய்ப்போன ரோட்டில் போகிறான் என்றால், அவனுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சத்தமில்லாத ரோட்டைப் பார்த்தால் நல்ல ரோடு என்று பச்சை பெயின்ட் அடித்தவள், சத்தம் ஏன் இல்லை என்று முதல் தடவையாக யோசித்தாள். அதுவும் ஆளைச் சந்தேகப்பட்டுத்தான் ஆரம்பித்தாள். ரோட்டைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

எழுந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு மெல்ல நடந்தாள். இப்போது தெரிந்தது. ஒரு இடத்தில் தார் வேறு நிறம், தோசைக்கல் அகலம் இல்லை, ஒரு ரூம் அகலத்துக்கு வட்டமாகக் கறுப்பு. ஒட்டுப்போட்ட டியூப் மாதிரி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஓரத்து வாய்க்காலில் மேலே குவாரியிலிருந்து, அவன் டயரில் ஒட்டியிருந்த அதே வெள்ளையாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இந்தக் கறுப்பு வரைக்கும் வந்தது. அதற்கு அப்புறம் வாய்க்கால் இருந்தது, தண்ணீர் இல்லை. அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிறகு அது போதாமல் தார்மேல் காதை வைத்துப் படுத்தாள். பார்க்க யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அடியில் தண்ணீர் ஓடியது. கிணற்றுக்குள் ஓடுகிற மாதிரி, எதிரொலியோடு.

ஏறி உச்சிக்குப் போய், அங்கே பழைய ரோடு சேருகிற இடத்திலிருந்து அதன் வழியாகக் கீழே இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் வடிகட்டியை உதறிக்கொண்டே, "அந்த ரோடா? அதுல யாரும்மா போவாங்க? உள்ள எல்லாம் வெத்து. வருஷா வருஷம் ஒரு எடத்துல வாயத் தொறக்கும். மூடுவாங்க, தார் போடுவாங்க, அது வேற எடத்துல தொறக்கும்" என்றார்.

"ஒரு போர்டு வெச்சா என்னங்க?"

"எங்களுக்கு எதுக்கும்மா போர்டு? எங்களுக்குத்தான் தெரியுமே."

"வெளியூர்க்காரங்க வந்தா?"

"வெளியூர்க்காரங்க எதுக்கு இங்க வரப்போறாங்க?" என்றவர் கொஞ்சம் யோசித்து, "ஒரு பையன் கேட்டான், சைக்கிள்ல வந்து. சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, பூனை போற மாதிரி போயிடும், வேன் கீன் ஏத்திடாதன்னு சொன்னேன்" என்றார்.

அண்ணி இன்னும் கிட்டப் போனாள். "எந்தப் பையன்? எப்படி இருந்தான்?"

"ஹெல்மெட்டு, கறுப்புக் கண்ணாடி. உங்க ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரிதானம்மா இருக்கீங்க, பாச்சை மாதிரி."

சாயங்காலம் கடையில் அண்ணி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ரோடு பொய், அடியில் பள்ளம், நாளைக்குப் போகக்கூடாது. வீட்டுக்காரர் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அவன் போட்ட செயின் லூசுன்ன. அவன் கட்டுன ஸ்போக் கோணல்ன. இன்னிக்கு அவன் கண்டுபிடிச்ச ரோடே ஓட்டையா?"

"காது வெச்சுக் கேட்டேங்க. தண்ணி ஓடுது அடியில."

"பல் டாக்டர்ட்ட போறேன்னு சொன்னீங்களே அண்ணி?" என்று கொழுந்தன் மெதுவாகக் கேட்டான்.

வீட்டுக்காரர் இப்போது நிமிர்ந்தார். "ஆமா. பல் எங்க?"

"பல் இருக்கு. நான் பார்க்கத்தான் போனேன்."

"வேவு பாக்கப் போனன்னு சொல்லு."

"டீக்கடைக்காரரே சொன்னாருங்க! வருஷா வருஷம் வாயத் தொறக்குமாம்."

வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். "டீக்கடை எந்த ரோட்டுல இருக்கு?"

"பழைய ரோட்டுல."

"எல்லாரும் புது ரோட்டுல போயிட்டா அந்த ஆளு யாருக்கு டீ ஆத்துவாரு? யாருக்கு என்ன லாபம்னு நீதானடி ஊரெல்லாம் கேப்ப. இத மட்டும் கேக்காம வந்துட்ட."

இத்தனை நாள் சேர்த்துவைத்த சந்தேகமெல்லாம் ஒன்றாக வந்து அண்ணியின் வாயையே அடைத்தது. நிஜமாகவே ஒன்று சொல்ல வந்தபோது காது கொடுக்க ஆள் இல்லை. அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"நீ அந்த டீக்கடையில நின்னு ஏதாவது கேட்டியாடா?"

"இல்லயே அண்ணி. நான் அந்தப் பக்கம் எறங்கவே இல்ல."

அவன் அதைச் சொல்லிவிட்டு ஒரு சுத்தமான துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பெடலைத் துடைத்தான். அண்ணி அவன் கையையே பார்த்தாள். பொய்யா? ஹெல்மெட் போட்ட பையன் மலை முழுக்க ஆயிரம் பேர். நிச்சயமாகச் சொல்ல முடியாது. இது தெரிந்தே அண்ணனை வேனில் ஏற்றி அனுப்புவானா? அவள் தூக்கி வளர்த்த பிள்ளை இவன். அப்படி நினைக்கிற அவள் புத்தியை என்ன சொல்ல? ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேர்ந்தது. ரிட்டயரான டீச்சர்தான் எப்போதும் முதலில் வருவார், மஞ்சள் ஹெல்மெட். "இன்னிக்கு சின்னவர் ரோடாமே? அண்ணி முகத்த பார்த்தாலே தெரியுது" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். கூட்டத்துக்கு முன்னால் கத்தினால் கடை பேர் கெட்டுவிடும். கத்தாவிட்டால் ரோட்டில் என்ன ஆகுமோ. அண்ணி எல்லோருக்கும் காற்று பார்த்துக்கொடுத்துக்கொண்டே யோசித்தாள். சைக்கிள் பூனை மாதிரி போய்விடுமாம். ஒரு பூனை போவது வேறு. பன்னிரண்டு பூனை ஒரே இடத்தில் நின்று, பின்னால் பாறை தெரிகிற மாதிரி போட்டோ பிடிப்பது வேறு. அப்புறம் வேன். வேனில் தண்ணீர் கேன், சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலே அவள் வீட்டுக்காரர்.

டிரம் கிடந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றார்கள். அண்ணி சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வேனிடம் போனாள்.

"தள்ளி உக்காருங்க. நான் ஓட்டறேன்."

"எதுக்கு?"

"உங்க தம்பி ரோட்ட நான் நம்பலன்னுதான சொல்றீங்க? சரி, நம்பறேன். நாம ரெண்டு பேரும் வேன்ல முன்னாடி போவோம். மேல போய் ஆரன் அடிக்கறோம். அப்புறம் அவன் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரட்டும்."

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "இத நேத்தே சொல்லியிருந்தா நிம்மதியா சாப்பிட்டிருப்பேன்ல" என்று முனகிக்கொண்டே பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். வேன் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

அண்ணி சாவியைத் திருப்பினாள். கியரைப் போட்டாள். ரோட்டைப் பார்க்கவில்லை, பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் கொழுந்தன் தெரிந்தான். டீச்சருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தவன், என்ஜின் சத்தம் கேட்டதும் திரும்பினான். டிரைவர் சீட்டில் அண்ணி. பக்கத்தில் அண்ணன். அவன் கை பாதியில் நின்றது.

அண்ணி கிளட்ச்சை விட்டாள், ரொம்ப மெதுவாக. வேன் டிரம்களைத் தாண்டியது. கண்ணாடியில் அவன் அப்படியே நின்றான். நிற்கிறானே. இன்னும் நிற்கிறானே. முதல் வளைவு வந்தது. அதற்கு அப்புறம் கண்ணாடியில் அவன் தெரியமாட்டான்.

தொம்மென்று வேன் பின்னால் ஒரு அடி விழுந்தது. இன்னொன்று. ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது.

"வேணாம் அண்ணி. வேன் வேணாம். நிறுத்துங்க."

அண்ணி நிறுத்தினாள். என்ஜினையும் அணைத்தாள்.

"ஏன்டா?" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு இன்னும் சிரிப்பு முழுசாகப் போகவில்லை.

அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. வேன்தான் ஏத்தக்கூடாதுன்னாரு. மேல திருப்பத்துல வளைக்க எடம் பத்தாதுன்னு சொல்லி, டிரம்கிட்டேருந்தே வேன மட்டும் பழைய ரோட்டுல அனுப்பிடலாம்னு இருந்தேன்."

"அந்த டிரம்ம நீதான் உருட்டுனியா?"

"ஆமா."

"நேத்து இவ தொண்டத் தண்ணி வத்தக் கத்துனாளேடா."

"அந்தச் சுவத்துல எல்லாம் அண்ணி ரோடுதானே! பாக்கறவன் எல்லாம் அண்ணி ரோடு, அண்ணி ரோடு. ஒரே ஒரு ரோடு..." பட்டணத்தில் இருக்கிற சிநேகிதன் ஒருத்தனோடு சேர்ந்து தனியாக ஒரு சைக்கிள் கடை போடலாம் என்று பேசிக்கொண்டிருந்ததையும், உன் பேரில் ஒரு ரோடாவது வேண்டும் என்று அந்தச் சிநேகிதன் கேட்டதையும் அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பின்கட்டுப் போன் எல்லாம் அதுதான்.

ஆக, அண்ணி இவனைச் சந்தேகப்பட்டது சரிதான். அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போலத்தான் இருந்தது. வீட்டுக்காரர் இறங்கினார். தம்பியை அறையத்தான் போகிறார் என்று நினைத்தாள். அவர் ரோட்டோரமாகப் போய், வாய்க்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, வேனைப் பின்னால் எடுக்க அண்ணிக்குக் கை காட்டினார். ஒவ்வொரு அடியாக, இடது, வலது, மெதுவா, மெதுவா.

டிரம்மை மூன்று பேரும் சேர்ந்து பழையபடி நிறுத்தினார்கள். டீச்சர் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். "என்ன அண்ணி, ரோடு என்ன ஆச்சு?"

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி நினைத்திருந்தால் இங்கேயே அவன் மானத்தைக் கொடியில் காயப் போட்டிருக்கலாம்.

"அடியில பள்ளம் விழுந்திருக்கு டீச்சர். இவன்தான் பார்த்துட்டு ஓடி வந்து சொன்னான். பழைய ரோட்டுல போயிடலாம்."

"அப்ப இன்னிக்கு தூசிதான் சாப்பாடா?" என்று டீச்சர் மூக்கைச் சுருக்கினார். ஆனாலும் கொழுந்தனின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

கூட்டம் கிளம்பியது. கொழுந்தன் சைக்கிளை அண்ணி பக்கத்தில் கொண்டுவந்தான். "நான் வராம நின்னுட்டிருந்தா, நெஜமாவே மேல போயிருப்பீங்களா அண்ணி?"

"தெரியல."

"நான் டிரம்கிட்டயே கண்டிப்பா வேனப் பழைய ரோட்டுக்கு அனுப்பியிருப்பேன் அண்ணி. சத்தியமா."

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது அவள் மடியில் கிடந்த அதே முகம்தான். நம்பத்தான் ஆசை. எப்போதும் அவள்தான் கூட்டத்துக்கு முன்னால் போவாள், கொழுந்தன் கடைசியில் வருவான். அதுதான் வழக்கம்.

"இன்னிலேருந்து நீ முன்னாடி போ" என்றாள்.

அவனுக்கு ஏன் என்று புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்து முன்னால் போனான். அண்ணி சரியாக அவன் பின்சக்கரத்துக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள்.

"பரவாயில்லயே, கொழுந்தனுக்கு முதல் எடம் குடுத்துட்டீங்க!" என்று பின்னாலிருந்து டீச்சர் கத்தினார். இன்னும் ரெண்டு பேர் பெல் அடித்து வாழ்த்தினார்கள். புழுதிக்குள் லாரி ஒன்று உறுமிக்கொண்டு எதிரே வந்தது. அண்ணி லாரியைப் பார்க்கவில்லை, அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.